ராடு வரும் வரைக்கும்

வடமலை அண்ணன் ராடு எடுக்க ஸ்டோருக்குப் போயிருக்கிறார், போனால் பத்து நிமிஷம், ஸ்டோர்க்காரன் வாயைத் திறந்தால் பதினஞ்சு. ஓவனுக்குள் சூட்டோடு கிடக்கிற வெல்டிங் ராடுகளை எடுத்து டப்பாவில் அடுக்கி, கையெழுத்துப் போட்டு, ரெண்டு வம்பு பேசிவிட்டு அவர் திரும்புவதற்குள் ஜெசிந்தா மெஷினை டிக்கிலிருந்து ஸ்டிக்குக்கு மாற்றி வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு பட்டன், ரெண்டு கேபிள், ஒரு குமிழ். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இதற்குப் போய் மெஷின் முன்னால் குந்தி உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்கிறாள். ரெண்டு குழாயை முட்டவைத்து, அந்தச் சந்தில் டங்ஸ்டன் ஊசியைக் காட்டி, கேஸை விட்டுக்கொண்டே முதல் சுற்றை நிதானமாக ஓட்டுவது டிக். அந்த முதல் சுற்றுக்குப் பெயர் ரூட்டு, அது ஜெசிந்தாவின் கை. அதற்குமேல் ராடை வைத்து அடுக்கடுக்காக நிரப்பி மூடுவது ஸ்டிக், அது வடமலையின் கை. மெஷின் ஒன்று, ஆள் ரெண்டு. ராடை ஹோல்டரில் மாட்டி முகமூடியை இறக்குவதற்கு முன்னால் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "ரூட்டு சுத்தமா?" இவள் "சுத்தம்ணே" என்பாள். அப்புறம்தான் தீ. இன்ஸ்பெக்டர் வந்து டார்ச் அடித்து, குனிந்து நிமிர்ந்து பார்த்து, குழாய்மேல் மஞ்சளில் ஓகே எழுதிவிட்டுப் போயிருந்தாலும் கேட்பார். "அந்தாளு கண்ணால பாத்தாரு, நீ கையால பாத்திருக்க, எனக்கு நீ சொல்லணும்." என்றைக்கோ எவனோ போட்ட ஓட்டை ரூட்டுக்கு மேலே விவரம் தெரியாமல் நிரப்பிவிட்டு, ஒரு பகல் பூராவும் நின்று தோண்டியெடுத்த வயிற்றெரிச்சல் அவருக்கு. ஒன்பது ஜாயிண்ட்டுக்கு ஒன்பது தடவை கேட்டிருக்கிறார், ஒன்பது தடவையும் சுத்தம் என்றிருக்கிறாள், ஒன்பதும் சுத்தம்தான். இது பத்தாவது. இது சுத்தம் இல்லை.

பேனல் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது. இடது ஓரத்தில் டிக், ஸ்டிக் என்று ரெண்டு சின்ன விளக்கு, நடுவில் சிவப்பு எண்ணில் 85, கீழே குமிழ், வலது பக்கம் மலை ஏறி இறங்குகிற மாதிரி ஒரு கோட்டுப் படம். தீ பிடிப்பதற்கு முன் கேஸ் எத்தனை நொடி, கரண்ட் எப்படி ஏறணும், எப்படி இறங்கணும், தீ நின்ற பிறகு கேஸ் எத்தனை நொடி, எல்லாம் அதில் இருக்கிறது. மெஷின் சூடானால் எரிய ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. கேபிளைத் தப்பான ஓட்டையில் செருகினால் எரிய ஒரு விளக்கு வைத்தானா, பாவி? பேனல் டிக் என்று சொல்லும், பச்சையாகச் சிரிக்கும், கீழே எந்த வயர் எந்த ஓட்டையில் கிடக்கிறது என்று அதற்கு ஒரு எழவும் தெரியாது. ஸ்டிக்குக்கு ஹோல்டர் பிளஸ்ஸில், எர்த் மைனஸில். டிக்குக்கு நேர்மாறு, டார்ச் மைனஸில், எர்த் பிளஸ்ஸில். ரெண்டையும் இடம் மாற்றணும். சாப்பிட்டு வந்து, ஒன்பதாவதை நிரப்பிய ஹோல்டரைப் பிடுங்கிய கையோடு, காலியான அதே ஓட்டையில் டார்ச்சைச் செருகிவிட்டாள். எர்த்தைத் தொடவே இல்லை. ஏன் தொடவில்லை? என்ன நினைப்பில் இருந்தாள்? ஃபிரேம் நினைப்பில் இருந்தாள். வீட்டுக்காரர் வாங்கி வைத்திருக்கிற ஃபிரேம். அதை ஹாலில் மாட்டினால் மாதா படத்துக்குப் பக்கத்திலா, எதிரிலா என்று யோசித்துக்கொண்டே செருகினாள். பட்டனை அமுக்கியதும் தீ நடுங்கிற்று. இதென்ன இப்படி என்று நினைப்பதற்குள் ஊசி முனை கம்பிமத்தாப்பு மாதிரி உருண்டது, உருண்டது பொட்டென்று உள்ளே விழுந்தது. விரலை எடுத்துவிட்டாள். கேஸ் மட்டும் ஆறு நொடி உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அந்த ஆறு நொடியில் எல்லாம் புரிந்துபோயிற்று. கேபிளை மாற்றினாள், புது ஊசி போட்டாள். அடுத்தது கிரைண்டரை எடுத்து அந்தப் பொட்டைத் தோண்டியிருக்க வேண்டும், அஞ்சு நிமிஷ வேலை. அந்த நேரம் பார்த்துத்தானா சூப்பர்வைசர் கதிரவனும் இன்ஸ்பெக்டரும் பக்கத்து மேடையிலிருந்து இந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? கிரைண்டர் சத்தம் கேட்டால் என்னம்மா ஆச்சு என்பார்கள். முகமூடியை இறக்கினாள். ஓட்டிக்கொண்டே போய்விட்டாள்.

நல்லா ஓடிற்று, அதுதான் கொடுமை. ஒன்பதிலும் வராத அழகு இதில் வந்திருக்கிறது, முத்து முத்தாக. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார், அவர் பாராட்டுகிற விதம் அது. "ஒண்ணும் பிரச்சினை இல்லையேம்மா?" என்றார். "இல்ல சார்." கேட்ட மறுநொடி வாயில் வந்து நின்றது, வெட்கமில்லாமல். அப்படி ஒரு பொய் தனக்குள் தயாராக உட்கார்ந்திருக்கிறது என்று அதுவரைக்கும் அவளுக்கே தெரியாது. இரும்பு உருகுகிற சூட்டில் டங்ஸ்டன் உருகாது, சோற்றில் கிடக்கிற கல் மாதிரி அப்படியே கிடக்கும். எக்ஸ்ரே ஃபிலிம் எடுத்தால் பளிச்சென்று வெள்ளைப் பொட்டாகத் தெரியும். எடுத்தால்தானே. பத்தில் மூணுக்குத்தான் ஃபிலிம். எந்த மூணு என்று அவரே எழுதிக் கதிரவனிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போயாயிற்று. ரெண்டு, அஞ்சு, ஒன்பது. பத்து இல்லை. காதால் கேட்டாள். தண்ணியை அழுத்தி விட்டுப் பார்க்கிற சோதனையில் இது நிற்கும், சந்தேகமே வேண்டாம். ஆக உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அண்ணன் ஒரு சுற்று நிரப்பிவிட்டால் பொட்டு அரை விரல் ஆழத்துக்குப் போய்விடும், நாலு சுற்று நிரப்பிவிட்டால் அவளாலேயே அந்த இடத்தைக் காட்ட முடியாது. சொன்னால் என்ன ஆகும்? கதிரவன் சொன்னது சொன்னதுதான். "பத்தும் சுத்தமா வந்தா நீ ரூட்டு வெல்டர், உனக்குன்னு நம்பர், உனக்குன்னு கார்டு. ஒண்ணு போனாலும் கிரைண்டிங்தான், அப்புறம் என்கிட்ட வந்து மூக்கச் சிந்தக் கூடாது." மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும், கிரைண்டிங்கில் அப்படித்தான். ஆறு வருஷம் அந்த மூலையில் நின்று அடுத்தவன் போட்ட மேட்டையெல்லாம் தேய்த்திருக்கிறாள். வேலை கேவலமில்லை, எந்த வேலையும் கேவலமில்லை, ஆனால் ஐ.டி.ஐ.யில் வெல்டிங்கில் முதல் மார்க் வாங்கின கை அது. வீட்டில் டம்ளரைப் பிடித்தால் காபி அலையடிக்கும். படுத்தால் தோள்பட்டைக்குள் இன்னொரு ஆள் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருப்பான். "ஏ கிரைண்டரு, இங்க வா" என்பார்கள், பெயரே மறந்துபோன மாதிரி. இந்தப் பட்டன் பேனல் மெஷின் வந்து இறங்கியபோது ஆம்பிளைகள் எல்லாம் அதைச் சுற்றி நின்று திட்டினார்கள், இவள் ஒருத்திதான் சாப்பாட்டு வேளையில் அதோடு வந்த புத்தகத்தை வரி விடாமல் படித்தாள். அதைப் பார்த்துவிட்டு வடமலைதான் கதிரவனிடம் போய், "அந்தப் பொண்ணுக்குத்தான் சார் இது பேசுறது புரியுது, ரூட்டுக்கு அதைப் போடுங்க, நான் நெரப்புறேன்" என்றார். யாரும் கேட்காமல் சொன்னார். ஒரு டீ கூட வாங்கிக்கொள்ளவில்லை.

ஏழு நிமிஷம் ஆகியிருக்குமா? எழுந்திரு, பட்டனை அமுக்கு. அமுக்குகிறேன், அமுக்குகிறேன். இந்த மனுஷன் இருதயம் இருக்கிறாரே, அவரை என்ன செய்வது? கட்டினவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. கார்டு வருகிறது என்று வாயை விட்டதுதான் தாமதம், தெரு முழுக்கச் சொல்லியாயிற்று, பங்குச் சாமியார் வரைக்கும் சொல்லியாயிற்று. அதோடு நின்றாரா, கண்ணாடி போட்ட ஃபிரேம் ஒன்றை வாங்கி வந்து, காலியாக, பீரோ மேலே சாய்த்து வைத்திருக்கிறார். "உள்ள வைக்கிறதுக்கு ஒண்ணுமில்லாம எதுக்குய்யா ஃபிரேமு?" என்றால், "வர்றப்ப வரட்டும் வெல்டரம்மா, எடம் தயாரா இருக்கணும்ல" என்று சிரிக்கிறார். கோபம் வருகிறது, அவர் சிரித்தால் கோபமும் நிற்காது. அவரிடம் போய் ஆகலை என்று சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் பயம். திட்டினால் திருப்பித் திட்டலாம். ஃபிரேமைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்பார், அதைத் தாங்க முடியாது. சின்ன வயதில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் இவளிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒன்பது வயதுப் பிள்ளை என்ன பாவத்தைச் செய்துவிடும்? ஆனால் சாமியார் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "வேற?" என்பார். வேற என்று கேட்டுவிட்டாரே என்று சர்க்கரை திருடினேன் என்றாள். திருடவில்லை. "வேற?" தம்பியைக் கிள்ளினேன். தம்பியே கிடையாது. வெளியே வந்து முட்டி போட்டு, பொய்ப் பாவத்துக்கு நிஜமாகவே மூணு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னாள். இப்போது நிஜப் பாவம் ஒன்று கையில் இருக்கிறது, அதுவும் முள்ளங்கி விதை அளவுதான், அதை வைத்துக்கொண்டு முழிக்கிறாள். மாதாவே.

அமுக்கிவிட்டாள். டிக் விளக்கு அணைந்தது, ஸ்டிக் விளக்கு எரிந்தது, இவ்வளவுதானா என்றிருந்தது. எண் தானாகத் தாவி, காலையில் வைத்திருந்த 95-க்குப் போய் நின்றது. கோட்டுப் படத்தின் மலையெல்லாம் இருண்டுபோய் ரெண்டே விளக்கு மிஞ்சிற்று. ஒன்று தீ பிடிக்கிற நேரத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிக் கொடுப்பது, இன்னொன்று ராடு ஒட்டிக்கொள்ளப் பார்த்தால் உதறிவிடுவது. அண்ணனுக்கு ரெண்டும் மூணில் இருக்கணும், அதற்கு மேல் போனால் "குதிர மாதிரி ஒதைக்குது" என்பார். மூணில்தான் இருக்கிறது. கேஸ் சிலிண்டரை மூடினாள். டார்ச்சைப் பிடுங்கினாள். எர்த்தைப் பிளஸ்ஸிலிருந்து எடுத்து மைனஸில் செருகி, திருகி, இழுத்துப் பார்த்தாள். ஹோல்டரைப் பிளஸ்ஸில் செருகி, திருகி, இழுத்துப் பார்த்தாள். ஒன்றுக்கு ரெண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தாள். இப்போது மட்டும் எவ்வளவு கவனம், அடியே! இந்தக் கவனத்தில் பாதி சாப்பிட்டு வந்தபோது இருந்திருந்தால் இந்நேரம் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பாய். குழாய் எங்கே போகிறது? மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு. நெல் அவிக்கிற நீராவி போகிற குழாய், இருபதடி உயரத்தில், மேலே பஞ்சு சுற்றித் தகடு போர்த்திவிடுவார்கள். கீழே யார் நிற்பார்கள்? யாராவது நிற்பார்கள். நெல் அள்ளுகிறவர்கள், மூட்டை தைக்கிறவர்கள், துண்டால் தலையைக் கட்டிக்கொண்டு ஒரு பொம்பளை. ஒன்றும் ஆகாது. ஒரு பொட்டு டங்ஸ்டனால் குழாய் வெடித்ததாக எங்கே கேட்டிருக்கிறாள்? வெடிக்காது. தினம் சூடாகி, தினம் ஆறி, சூடாகி, ஆறி, அந்தக் கல்லின் ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசல் விட்டால் உண்டு. விடாமலும் போகலாம். பத்து வருஷம் கழித்து விடலாம். அப்போது அந்தப் பொம்பளை அங்கே நிற்காமலும் இருக்கலாம், லீவு போட்டிருக்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று. எவளோ ஒருத்தியின் பிள்ளைக்கு இப்போதே காய்ச்சல் வரவழைக்கிறாளே, இதென்ன புத்தி? குழாய்மேல் ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில் மஞ்சளில் ரெண்டு நம்பர் இருக்கும், ஒன்று அவளுடையது, இன்னொன்று அவருடையது. கேள்வி வந்தால் ரெண்டு பேரையும் கேட்கும். அவர் பாட்டுக்கு மேலே நிரப்பினவர். அவருக்கு ஒன்றும் தெரியாது.

சரி, வந்து கேட்பார், சொல்லணும். எப்படிச் சொல்வாள்? சாதாரணமாக. சாதாரணமாக என்றால் எப்படி? ஒன்பது தடவை சொன்னாளே, அந்தக் குரல் எது? "சுத்தம்ணே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி இருந்தது. "சுத்தம்ணே, சுத்தம்" என்று ரெண்டு தடவை சொன்னால் சந்தேகம் வரும், அவருக்குக் காது கூர்மை, ராடு எரிகிற சத்தத்தை வைத்தே கரண்ட் ரெண்டு கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார். காலையில் ஏழாவதுக்கு எப்படிச் சொன்னாள்? டம்ளரைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். அப்போ இப்போதும் ஏதாவது செய்துகொண்டே சொல்லணும். கேபிளைச் சுருட்டிக்கொண்டே. ஆமாம், கேபிளைச் சுருட்டிக்கொண்டே, முதுகைக் காட்டி. இல்லையென்றால் சொல்லிவிடணும். "அண்ணே, ஒரு விஷயம்." வேண்டாம், ஒரு விஷயம் என்று ஆரம்பித்தாலே அவர் முகம் மாறிவிடும். டார்ச் கேபிளை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். ஒரு சுற்று, ரெண்டு சுற்று. கேட்கட்டும். சொல்லிக்கொள்ளலாம். தயார்.

வந்துவிட்டார். டப்பா கையில் குலுங்குகிற சத்தம் முதலில் வந்தது, பின்னால் அவர் சிரிப்பு. "கேளு ஜெசிந்தா, ஸ்டோர்க்காரப் பயலுக்குப் பொழுது போகல. இது எத்தனாவதுன்னான், பத்துன்னேன். யாரு ரூட்டுன்னான், நம்ம ஜெசிந்தான்னேன். அப்ப கண்ண மூடிட்டு நெரப்பலாம்ங்கிறான். ஆமாடா, நெரப்பலாம்னேன்." அவள் மூணாவது சுற்றைச் சுருட்டினாள். "எத்தன வச்சிருக்க?" "தொண்ணூத்தஞ்சுண்ணே." பேனலை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கையுறையைப் போட்டார், ராடை எடுத்து ஹோல்டரில் கவ்வவிட்டார், ஸ்டூலை முழங்காலால் தள்ளிச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். இப்போது கேட்பார். முதுகைக் காட்டி நின்றாள், நாக்கு நுனியில் வார்த்தை நின்றது. பின்னால் லொட்டென்று ஒரு சத்தம், முகமூடி இறங்குகிற சத்தம். திரும்பினாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் இல்லை. கேட்கவில்லை. மறந்துவிட்டாரா? அவரா மறப்பார்? கேளுங்கண்ணே. ராடு முனை குழாயை நோக்கி இறங்குகிறது. கேளுங்க, ஒரு தடவை கேட்டுவிடுங்க, பதில் வைத்திருக்கிறேன். அவர் முழங்கை தொடையில் ஊன்றி அசையாமல் நிற்கிறது, வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர் மாதிரி, ஒரு சந்தேகமும் இல்லாமல். கேபிள் கையிலிருந்து விழுந்தது. எப்போது குனிந்தாள், எந்த விரல் என்றெல்லாம் தெரியாது, பேனலின் கீழ்மூலையில் இருக்கிற சிவப்பு சுவிட்ச்சை அமுக்கினாள். 95 போயிற்று, விளக்கெல்லாம் போயிற்று, உள்ளே ஓடிக்கொண்டிருந்த விசிறி இழுத்து இழுத்து நின்றது.

ராடு குழாயில் கிர்ரென்று வெறுமனே உரசிற்று. அவர் முகமூடியைத் தூக்கினார். "என்னம்மா, கரண்ட்டு போச்சா?"

"இல்லண்ணே. நான்தான் அணைச்சேன். உள்ள டங்ஸ்டன் விழுந்திருக்கு. கேபிள மாத்தாம ஆரம்பிச்சுட்டேன். விழுந்தது தெரிஞ்சே மேல ஓட்டிட்டேன்."

அவர் ரூட்டைப் பார்த்தார், மஞ்சளில் எழுதியிருந்த ஓகேயைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். ராடை ஹோல்டரிலிருந்து கழற்றி டப்பாவுக்குள் திரும்பப் போட்டார். "எந்த எடம்?" என்றார். காட்டினாள்.

"கதிரவன் எழுதிருவான். திரும்ப கிரைண்டிங்குதான், தெரியும்ல?"

"தெரியும்ணே."

"பத்தாவது ஃபிலிம்லயும் இல்லைங்கிறாங்க. ஒருத்தனும் கண்டுபிடிக்கப் போறதில்ல. என்கிட்ட கூட நீ சொல்லியிருக்க வேண்டியதில்லையேம்மா, நான் ஒண்ணும் கேக்கலையே."

அழக் கூடாது என்று நினைத்தாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"நீங்க கேட்டிருந்தா சுத்தம்னு சொல்லியிருப்பேண்ணே."